‘நாங்கள் செய்தோம்’ சரி, நீங்கள் என்ன செய்தீர்கள்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பொறியியல் படிக்கிற பிள்ளைகளிடமிருந்து. கம்பஸில் தொழிற்சந்தை நெருங்குகிறது போல. நான் மல்லாவியில் வளர்ந்து சிவில் படித்தவள். இப்போது கொழும்பில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை. பயிற்சிக்கும் வேலைக்கும் ஆட்களை எடுக்கிற மேசையில் என்னையும் இருத்துவார்கள். அந்த மேசையிலிருந்து பார்க்கத் தெரிவதைத்தான் இங்கே சொல்கிறேன்.

*அக்கா, கிளிநொச்சி அறிவியல் நகரில் சிவில் மூன்றாம் வருடம். ஜிபிஏ 2.9. கொழும்பில் எனக்கு ஒருவரையும் தெரியாது. மொறட்டுவை, பேராதனைப் பொடியளோடு போட்டி போட ஏலுமா? சிவியில் என்ன போடுவது?*
– மாணவர், முழங்காவில்

தம்பி, ஜிபிஏ என்கிற சராசரிப் புள்ளியை முதலில் முடித்துவிடுவோம். சில இடங்களில் 3.0க்குக் கீழே என்றால் சிவியைத் திறக்கவே மாட்டார்கள். மற்ற இடங்களில் நேர்முகத்துக்குள் போனபிறகு அந்த இலக்கத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மிச்சமிருக்கிற செமஸ்டர்களில் முடிந்தவரை ஏற்றுங்கள். அதற்கு மேல் கவலைப்பட்டு ஒன்றும் ஆகாது.

சிவிதான் பெரிய கதை. என் மேசைக்கு வருகிற சிவிகளில் பத்துக்கு எட்டு ஒரே அச்சு. ‘கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்யக்கூடியவர்.’ கீழே ஒரு புரொஜெக்ட்: ‘கிணற்று நீரின் தரத்தை ஆராய்ந்தோம்.’ “சரி, இதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால், “நாங்கள் சாம்பிள் எடுத்தோம், நாங்கள் டெஸ்ட் பண்ணினோம்” என்றுதான் பதில் வரும். நீங்கள் என்றால் நீங்கள்! போத்தலைப் பிடித்தவரா, எந்தக் கிணறு என்று தெரிவு செய்தவரா, கணக்குப் போட்டவரா? எதுவானாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.

ஒரு பொடியன் வந்தான், அவனும் நம்முடைய பக்கம்தான். சிவியின் அடியில், பொழுதுபோக்குக்குக் கீழே ‘அப்பாவுக்கு வயலில் உதவி’ என்று ஒரு வரி. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல். என்ன உதவி என்று சும்மா கேட்டேன். கடைசி வரம்புக்குத் தண்ணீர் ஏறவில்லையாம். மேசனிடம் நீர்மட்டக் குழாய் வாங்கி, வாய்க்கால் நெடுக மட்டம் பார்த்து, நடுவில் மேடு தட்டியிருந்த இடத்தைக் கண்டுபிடித்து வெட்டியிருக்கிறார்கள். “குழாய்க்குள்ளே காற்றுக் குமிழி நின்றால் மட்டம் பிழைக்கும் மிஸ். அதனாலே முதலில் இரண்டு முனையையும் பக்கத்திலே பக்கத்திலே பிடித்து, தண்ணி ஒரே உயரத்தில் நிற்குதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்குவம்” என்றான். அளக்கிற கருவியை முதலில் சரிபார்க்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதை அவன் பொழுதுபோக்குக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தான்! பயிற்சிக்கு எடுத்தோம். நீங்களும் அப்படி ஒன்றை எங்கேயோ ஒளித்து வைத்திருப்பீர்கள், தேடி எடுத்து மேலே போடுங்கள்.

பாடத்தில் கேட்பதும் பெரும்பாலும் அடிப்படைதான். நான் வழக்கமாகக் கேட்கிற ஒன்று: “ஸ்லம்ப் 75 மில்லிமீற்றர் என்று ஓர்டர் பண்ணின கொங்கிறீற் லொறி வருகிறது. சோதித்தால் 150. என்ன செய்வீர்கள்?” ஸ்லம்ப் என்றால் கூம்பைத் தூக்கியதும் ஈரக் கொங்கிறீற் எவ்வளவு இறங்குகிறது என்ற அளவு. அந்தக் கூம்பின் உயரம் 300 மில்லிமீற்றர், மூன்று படையாகப் போட்டு ஒவ்வொன்றையும் 25 தரம் குத்த வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் பாடம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பலர் உடனே “திருப்பி அனுப்புவேன்” என்பார்கள். அதற்கு முதல் இன்னொரு சாம்பிள் எடுத்துத் திரும்பச் சோதித்தீர்களா? லொறிக்காரரின் துண்டில் எத்தனை மணிக்குக் கலந்தது, வழியில் தண்ணீர் சேர்த்தார்களா என்று பார்த்தீர்களா? சைட் இன்ஜினியருக்குச் சொன்னீர்களா? இந்த ஒழுங்கைச் சொல்லுகிற பிள்ளை எந்தக் கம்பஸ் என்று நான் பார்ப்பதில்லை.

இன்னொன்று. படிப்புக்கு நடுவில் வருகிற தொழிற்பயிற்சியை வெறும் கட்டாயப் பாடமாக நினைக்காதீர்கள். பயிற்சிக்கு வந்து நன்றாகச் செய்தவரைப் பட்டம் முடிந்ததும் கூப்பிட்டு எடுப்பதுதான் பல நிறுவனங்களுக்கு வசதி. பயிற்சிக் குறிப்பேட்டைக் கடைசி வாரத்தில் நண்பனுடையதைப் பார்த்து நிரப்புகிற வழக்கம் இருக்கிறது, எனக்குத் தெரியும். அன்றன்று இரவே எழுதுங்கள். அளவுகளோடு எழுதுங்கள். பிறகு நேர்முகத்தில் சொல்ல வேண்டியதெல்லாம் அதற்குள்தான் கிடக்கும்.

*பாடம் விளங்குது அக்கா. ஆனால் இங்கிலீஷில் வாய் திறந்தால் நடுங்குது. சிங்களமும் தெரியாது.*
– மாணவி, முள்ளியவளை

தங்கச்சி, இலக்கணப் பிழைக்காக நான் யாரையும் தட்டிக்கழித்ததில்லை. பேசாமல் இருக்கிற பிள்ளைக்குத்தான் புள்ளி போட வழியில்லை. உங்கள் புரொஜெக்டை இரண்டு நிமிடம் இங்கிலீஷில் சத்தமாகச் சொல்லி போனில் பதியுங்கள். கேளுங்கள். வெட்கமாக இருக்கும், அழித்துவிட்டுத் திரும்பச் சொல்லுங்கள். பாடமாக்க வேண்டாம். பாடமாக்கினால் நடுவில் ஒரு கேள்வி விழுந்ததும் எல்லாம் பறந்துவிடும். விளங்காத கேள்வியைத் திரும்பக் கேட்கவும், யோசிக்க ஒரு நிமிடம் கேட்கவும் இரண்டு வசனம் மட்டும் நாக்கில் இருந்தால் போதும்.

சிங்களத்துக்கு வகுப்புத் தேட வேண்டாம். உங்களோடு படிக்கிறவர்களிலேயே தெற்கிலிருந்து வந்த பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கும் கிளிநொச்சிக் கடையில் மரக்கறி வாங்கத் தமிழ் வேண்டும். மாறி மாறிப் படியுங்கள். சைட்டில் மேசன் பாஸ்மாரோடு கதைக்கிறபோது அது இங்கிலீஷைவிடக் கூட உதவும்.

*மகள் கம்பியூட்டர் இன்ஜினியரிங் கடைசி வருடம். கொழும்புக்குத் தனிய அனுப்ப மனமில்லை. அரசாங்க வேலை வரும்வரை வீட்டில் இருக்கட்டுமா?*
– ஒரு தந்தை, ஒட்டுசுட்டான்

ஐயா, உங்கள் பயம் எனக்கு விளங்கும். என் அப்பாவும் இதையே சொன்னவர். ஆனால் அரசாங்க வேலைக்குக் காத்திருக்க வீட்டில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வெள்ளிக்கிழமை வர்த்தமானியைக் கொழும்பிலிருந்தும் பார்க்கலாம், விண்ணப்பிக்கலாம். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பொறியியல் பேரவைச் சட்டம் வந்தபிறகு பொறியியலாளராகப் பதிவு ஒரு பக்கம், பிறகு பட்டயப் பொறியியலாளர் (சார்ட்டர்ட் இன்ஜினியர்) தகுதி ஒரு பக்கம். பட்டயத்துக்கு வேலை செய்த வருடங்களைத்தான் கணக்கில் எடுப்பார்கள், வீட்டிலிருந்த வருடங்களை அல்ல. வெள்ளவத்தையில் நம்முடைய பிள்ளைகள் சேர்ந்து அறை எடுத்து இருக்கிற வீடுகள் எத்தனையோ. ஒருநாள் நீங்களே மகளோடு வந்து வீட்டுக்காரம்மாவோடு கதைத்துப் பாருங்கள். அவவின் துறையில் வீட்டிலிருந்து செய்கிற வேலைகளும் உண்டு. ஆனால் முதல் வேலையை ஆட்களுக்கு நடுவில் இருந்து பழகுவது நல்லது என்பது என் எண்ணம்.

*மன்னாரில் காற்றாலை இருக்கிறதே, எலக்ட்ரிகல் படித்த எனக்கு ஊரோடு வேலை கிடைக்காதா?*
– மாணவர், அடம்பன்

நீங்கள் சொல்கிற மன்னார் காற்றாலைப் பண்ணையான தம்பபவனியில் 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாற். கட்டுகிற காலத்தில் ஆட்கள் நிறையத் தேவை. கட்டி முடிந்து ஓடத் தொடங்கினால் பராமரிப்புக்குச் சிலரே போதும். ஆகவே அதை மட்டும் நம்பாதீர்கள். ஆனால் அதைப் போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். காற்று குறைகிறபோது கிரிட்டுக்கு, அதாவது மின் வலையமைப்புக்கு, என்ன நடக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வருகிறவர், நேர்முகத்தில் புத்தகம் மட்டும் படித்தவரைவிட ஒரு படி மேலே நிற்பார்.

*கோடிங் டெஸ்ட் ஒன்லைனில் வருகிறது. நேரம் போதவில்லை. போன முறை பாதியில் கரண்டும் போனது.*
– மாணவி, பம்பைமடு

இது என் துறை இல்லை. சொஃப்ட்வெயாரில் இருக்கிற தம்பி ஒருவரிடம் கேட்டு எழுதுகிறேன். ஒரு லட்சம் எண்களில், கூட்டினால் குறிப்பிட்ட தொகை வருகிற இரண்டைக் கண்டுபிடி என்று கேட்பார்களாம். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்த்தால் சுமார் 500 கோடித் தடவை; நேரம் முடிந்துவிடும். பார்த்த எண்களை ஒரு ஹாஷ் டேபிளில் (ஓர் எண் ஏற்கெனவே வந்ததா என்று உடனே பார்க்கக்கூடிய பட்டியலில்) போட்டுக்கொண்டு போனால் ஒரே நடையில் முடியும். எழுதத் தொடங்குமுன் எத்தனை தடவை சுற்றும் என்று கணக்குப் பார்க்கப் பழகுங்கள் என்கிறார்.

கரண்டுக்கு என் பதில்: லப்டொப்பை நிறையச் சார்ஜ் பண்ணி, வைஃபை இருந்தாலும் போனில் டேட்டா போட்டு ஹொட்ஸ்பொட் தொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். அப்படியும் நின்றால் நின்ற நேரத்தைக் குறித்து, ஸ்கிரீன்ஷொட்டோடு அன்றைக்கே அந்தக் கொம்பனிக்கு மெயில் போடுங்கள். கேட்டவர்களுக்குத் திரும்பவும் டெஸ்ட் வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.