பொறியாளருக்குத் தொலைநிலைக் கல்வி: எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்?

வளரும் நாடுகளில் வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்பைத் தொடர விரும்பும் பொறியாளர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் பதில் தருகிறோம்.

கேள்வி: கட்டுமான நிறுவனம் ஒன்றில் சில ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். முதுநிலைப் பட்டம் பெற ஆசை. வேலையை விட்டுவிட்டு வெளிநாடு செல்ல வசதியில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் நடத்தும் படிப்புகளின் கட்டணமோ என் ஆண்டுச் சம்பளத்தையே தாண்டுகிறது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். கல்லூரிக் கட்டணம் என்று நாம் சொல்வதில் மூன்று செலவுகள் அடங்கியிருக்கின்றன: பாடம், நம் விடைகளைத் திருத்திக் குறை சொல்லும் ஆசிரியரின் உழைப்பு, தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் ஏற்பாடு. இவற்றுள் பாடத்துக்கு இன்று பணம் செலவழிக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) தன் பாடக்குறிப்புகளையும் வினாத்தாள்களையும் இலவசமாக இணையத்தில் வெளியிடப்போவதாக 2001இல் அறிவித்தது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். திட்டத்தில் கட்டமைப்புப் பொறியியல் முதல் மின்னணுவியல் வரை முழு விரிவுரைத் தொடர்களையும் எந்த நாட்டில் இருப்பவரும் இலவசமாகப் பார்க்கலாம். எனவே உங்கள் சேமிப்பைத் திருத்துபவருக்கும் தேர்வுக்கும் மட்டும் ஒதுக்குங்கள். வெறும் காணொளிகளைக் காட்டிவிட்டுப் பெருந்தொகை கேட்கும் படிப்பு எத்தனை புகழ்பெற்ற பெயரைத் தாங்கி வந்தாலும் அதைத் தவிர்த்துவிடலாம் என்பதே எங்கள் கருத்து.

பட்டமே தேவை என்றால், கட்டணம் குறைவாகவும் இருக்க முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் 2014இல் இணையவழிக் கணினி அறிவியல் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியபோது, முழுப் படிப்புக்கும் ஏறத்தாழ 7,000 டாலர் என்றே கட்டணம் வைத்தது. காமன்வெல்த் நாடுகளைச் சேர்ந்தவர் என்றால், வளரும் காமன்வெல்த் நாடுகளில் வசிப்பவர்கள் தம் நாட்டில் இருந்தபடியே பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் முதுநிலை படிப்பதற்கென்று காமன்வெல்த் தொலைநிலைக் கல்வி உதவித்தொகை ஒன்று இருக்கிறது. எந்தெந்தப் படிப்புகளுக்கு அது கிடைக்கும் என்பதை விண்ணப்பிக்கும் ஆண்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்வதற்கு முன் இன்னொன்றையும் கணக்கிட வேண்டும். கட்டணம் வெளிநாட்டு நாணயத்தில் இருந்து, உங்கள் சம்பளம் உள்ளூர் நாணயத்தில் இருந்தால், படிப்பு முடிவதற்குள் நாணய மதிப்பு சரியக்கூடும். முதல் ஆண்டில் கட்ட முடிந்த அதே தொகை மூன்றாம் ஆண்டில் கட்ட முடியாததாகிவிடும். ஆகவே, முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்காமல், பாடம் பாடமாகக் கட்டணம் வாங்குகிற, இடையில் ஓர் அரையாண்டு நிறுத்திவைக்க அனுமதிக்கிற, அதுவரை தேறிய பாடங்களுக்குச் சான்றிதழோ பட்டயமோ தருகிற படிப்பையே தேர்ந்தெடுங்கள். தேர்வு மையத்துக்குச் சென்றுவரும் செலவும், வங்கி பிடித்துக்கொள்ளும் பரிமாற்றக் கட்டணமும் விளம்பரத்தில் இடம்பெறாது. அவற்றையும் சேர்த்தே கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: இப்படிப் பெறும் பட்டம் செல்லுமா?

பதில்: யாரிடம் செல்ல வேண்டும் என்பதைப் பொறுத்தது. பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் அதன் நாட்டில் சட்டப்படி அங்கீகாரம் பெற்றிருப்பது ஒன்று. உங்கள் நாட்டின் பொறியாளர் பதிவு அமைப்பு அந்தப் பட்டத்தை ஏற்பது வேறொன்று. உங்களை வேலைக்கு எடுப்பவர் மதிப்பது மூன்றாவது. பல நாடுகளின் பொறியியல் தரச்சான்று அமைப்புகள் ஒன்றின் சான்றை மற்றொன்று ஏற்பதற்காக 1989இல் உருவாக்கிய வாஷிங்டன் உடன்படிக்கையைச் சுட்டிக்காட்டி, பட்டம் எல்லா நாட்டிலும் செல்லும் என்று சில முகவர்கள் சொல்வதுண்டு. அந்த உடன்படிக்கை இளநிலைப் பொறியியல் பட்டங்களைப் பற்றியது. அதுவும் உறுப்பு அமைப்புகள் ஆய்வு செய்து தரச்சான்று அளித்த குறிப்பிட்ட படிப்புகளுக்கே பொருந்தும். ஒரு பல்கலைக்கழகத்தின் நேரடிப் படிப்புக்குச் சான்று இருப்பதாலேயே அதன் தொலைநிலைப் படிப்புக்கும் இருப்பதாகக் கொள்ளக் கூடாது. வரைபடங்களில் கையொப்பமிடும் உரிமை தேவைப்படுகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன்பே படிப்பின் முழுப்பெயரையும் கற்பிக்கும் முறையையும் குறிப்பிட்டுப் பதிவு அமைப்புக்குக் கடிதம் எழுதி, பதிலை எழுத்து வடிவில் பெற்றுக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்ன பதிலை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

கேள்வி: பணியிடத்தில் இணைய வேகம் மிகக் குறைவு. காணொளி வகுப்புகள் பாதியில் நின்றுவிடுகின்றன.

பதில்: வினாடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் ஓடும் சாதாரணத் தரக் காணொளி ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 225 மெகாபைட் எடுத்துக்கொள்ளும், நாற்பது விரிவுரைகளுக்கு 9 ஜிகாபைட். அதே விரிவுரையை 32 கிலோபிட் ஒலிப்பதிவாகக் கேட்டால் மணிக்கு 15 மெகாபைட்டுக்கும் குறைவு. எனவே பாடக்குறிப்பைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டு, ஒலியை மட்டும் கேட்டுப் படிக்கலாம். படம் பார்த்தே தீர வேண்டிய சில வகுப்புகளை மட்டும் நகருக்குச் செல்லும் நாளில் பதிவிறக்கலாம். சேரும் முன் கல்வி நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி, எல்லாப் பாடங்களையும் இறக்கிவைக்க முடியுமா என்பதுதான். குறித்த நேரத்தில் நேரலையில் இருந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் படிப்பு உங்களுக்கு ஒத்துவராது.

கேள்வி: ஆய்வகம் இல்லாமல் பொறியியல் படிப்பது சரியா? வீட்டில் இருந்தபடி செய்முறைப் பயிற்சி எப்படிக் கிடைக்கும்?

பதில்: சரியல்ல, செய்முறையே இல்லாத பொறியியல் படிப்பில் சேராதீர்கள். ஆனால் செய்முறை என்றால் பெரிய ஆய்வகக் கட்டடம் என்று பொருளில்லை. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இல் வகுப்புகளைத் தொடங்கிய காலத்திலேயே, நுண்நோக்கி உள்ளிட்ட கருவிகளைப் பெட்டியில் வைத்து மாணவர்களின் வீட்டுக்கு அனுப்பிவைத்தது. இன்று நுண்கட்டுப்படுத்திப் பலகையும் (நிரல் எழுதி இயக்கும் சிறு கணினிச் சில்லு பொருத்திய பலகை) வெப்பம், ஒளி போன்றவற்றை அளக்கும் சில உணரிகளும் இருந்தால், மின்னணுவியலிலும் கட்டுப்பாட்டுப் பொறியியலிலும் முதல் நிலைச் சோதனைகள் பலவற்றை மேசை மேலேயே செய்துவிடலாம்.

கட்டமைப்புப் பொறியியலுக்கு அதைவிட எளிய கருவி போதும். மெல்லிய 30 செ.மீ. எஃகு அளவுகோலை மேசை விளிம்பில் இறுக்கிப் பிடித்து, 10 செ.மீ. வெளியே நீட்டியிருக்கும்படி வைத்து, முனையில் சிறிய எடையைத் தொங்கவிட்டு, எடை வைப்பதற்கு முன்னும் பின்னும் முனையின் உயரத்தை அளந்து தாழ்வைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்பு 20 செ.மீ. நீட்டி, அதே எடையுடன் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்டு மறுமுனை தாங்கலின்றி நீண்டிருக்கும் உத்தரத்தின் (ஒருமுனைத் தாங்கு விட்டம்) வாய்பாட்டின்படி, தாழ்வு நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், இரண்டாவது அளவு எட்டு மடங்காக இருக்க வேண்டும். அனேகமாக அதைவிடக் குறைவாகவே வரும். பிடிமானம் முழுவதும் விறைப்பாக இல்லாமல் சற்றே சுழல்வதுதான் அதற்கு முக்கியக் காரணம். அந்தச் சுழற்சியால் வரும் தாழ்வு நீளத்தின் இருமடிக்கு ஏற்பவே வளர்கிறது. புத்தகத்தில் வரையப்பட்ட முழுப் பிடிமானம் கட்டுமானக் களத்தில் எங்கும் கிடைப்பதில்லை என்பதை இந்தச் சோதனை நேரடியாகக் காட்டிவிடும். விடை பிசகியதற்குக் காரணம் தேடி எழுதச் சொல்லும் ஆசிரியர் கிடைத்தால், அந்தப் படிப்புக்குக் கட்டணம் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

மண் பரிசோதனை, உயர் மின்னழுத்தம் போன்றவற்றை வீட்டில் செய்ய இயலாது; பாதுகாப்பும் இல்லை. அவற்றுக்கு, ஆண்டில் ஒன்றிரண்டு வாரங்கள் அருகிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியின் ஆய்வகத்தில் பயிற்சி தரும் ஏற்பாடு அந்தப் படிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். மென்பொருளுக்குப் பணம் வேண்டியதில்லை. கணக்கீட்டுக்கு ஆக்டேவ், சைலேப். சுற்று வரைவுக்குக் கைகேட். பாய்ம ஓட்டத்துக்கு ஓப்பன்ஃபோம். நிலவரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ். எல்லாமே இலவசமாகக் கிடைக்கின்றன.

கேள்வி: இருமுறை இணையப் படிப்பில் சேர்ந்து, இருமுறையும் நடுவில் விட்டுவிட்டேன். மூன்றாவது முறை சேரலாமா?

பதில்: சேருங்கள், ஆனால் தனியாக வேண்டாம். அதே பாடத்தைப் படிக்கும் மூன்று நான்கு பேர் வாரம் ஒருமுறை ஒருவர் விடையை மற்றவர் திருத்தும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பருவத்தில் ஒரு பாடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். ஒப்படைப்புக்கான தலைப்பை உங்கள் அலுவலகத்தில் இப்போது நடக்கும் பணியிலிருந்தே தேர்ந்தெடுக்க அனுமதி கேளுங்கள். பகலில் செய்யும் வேலையும் இரவில் படிக்கும் பாடமும் ஒன்றாகிவிட்டால் நேரம் கணிசமாக மிச்சமாகும். தேர்வு நாட்களுக்கான விடுப்பை மேலதிகாரியிடம் படிப்பில் சேரும்போதே எழுதிக் கொடுத்து ஒப்புதல் பெற்றுவிடுங்கள்.