குளிர்கால மந்தத்தில் கடையை ஒரு வாரம் மூடலாமா?

கேள்வி: சின்னக் கடை வைத்திருக்கிறேன். குளிர்காலத்தில் வியாபாரம் படுத்துவிடும். சாயங்காலம் வருகிறவர்கள் பேச உட்காருகிறார்கள், வாங்குவது கொஞ்சம்தான். சீக்கிரம் அடைக்கலாமா? விடுமுறையில் ஒரு வாரம் மூடிவிட்டு, வாங்கி வைத்த புத்தகங்களைப் படிக்க ஆசை. கட்டுப்படியாகுமா?

பதில்: தாராளமாக மூடலாம், முன்கூட்டியே பணம் ஒதுக்கினால். உங்களைப் பயமுறுத்துவது விற்பனைத் தொகை. மந்தமான நாளில் 4,000-க்கு விற்றால், 7 நாளில் 28,000 போச்சே என்று மனசு பதறும். ஆனால் அதில் பெரும்பகுதி சரக்கின் விலை. அந்தச் சரக்கு அலமாரியிலேயே இருக்கிறது. 100-க்கு வாங்கி 125-க்கு விற்கிறீர்கள் என்றால் லாபம் விற்பனையில் 20 சதவீதம். ஆக, இழப்பு 5,600. நல்ல வியாபாரம் நடக்கும் 8 மாதங்களில் மாதம் 700 தனியாகப் போட்டு வாருங்கள், கல்லாவில் வேண்டாம், வேறு கணக்கில். வாடகை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான். அதை இதில் சேர்க்காதீர்கள். கடைப் பையனுக்கு அந்த வாரச் சம்பளத்தைக் கொடுத்துவிடுங்கள்.

சாயங்காலத்துக்கு வேறு கணக்கு. இரண்டு வாரம், மணிவாரியாக விற்பனையைக் குறித்து வையுங்கள். கடைசி ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ஆகும் விளக்கு, ஹீட்டர், கூலி மொத்தம் 150 என்றால், அதை 20 சதவீதத்தால் வகுங்கள்: 750-க்காவது விற்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். வாங்கிய விலையில் 25 சதவீதம் வைக்கிறோமே என்று 25 சதவீதத்தால் வகுத்து 600 போதும் என்பார்கள். 600-க்கு விற்றால் லாபம் 120, மணிக்கு 30 நஷ்டம். நீங்களே உட்கார்ந்தாலும் உங்கள் நேரத்துக்கு ஒரு கூலி போடுங்கள்.

பேச வருகிறவர்களை விரட்ட வேண்டியதில்லை. மாதம் முழுக்க உங்களிடமே வாங்குகிறவரா, பேச்சோடு பேச்சாக 'எழுதிக்கோங்க' என்கிறவரா என்று மட்டும் பிரித்துப் பாருங்கள். மந்தத்தில் கையை முடக்குவது பெரும்பாலும் இந்தப் பாக்கிதான். 30 நாள் தாண்டியதைத் தனிப் பக்கத்தில் எழுதி, மூடுவதற்கு முன் நேரில் கேளுங்கள். பழசு அடையும்வரை புதுக் கடன் வேண்டாம்.

மூடுவதை 10 நாள் முன்னதாகவே கதவில் எழுதி ஒட்டினால், வாடிக்கைக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைப்பார்கள். கெட்டுப்போகும் சரக்கின் கொள்முதலை 4 நாள் முன்பே நிறுத்துங்கள். அந்த வாரத்தில் விழும் தவணை, காசோலைகளுக்கு வங்கியில் இருப்பு இருக்கட்டும். கடைக்குக் காப்பீடு இருந்தால், பூட்டிக் கிடக்கும் நாட்களுக்கு நிபந்தனை உண்டா என்று பாலிசியைப் பாருங்கள்.

சரக்கு எண்ணிக்கையை விடுமுறையின் முதல் நாள் காலையிலேயே முடித்துவிடுங்கள். மூன்று மாதமாக அசையாத சரக்கு எது என்று அப்போது தெரியும். அதை அசல் விலைக்காவது தள்ளிவிட்டுப் பணமாக்குங்கள். மற்ற 6 நாளும் கணக்கு நோட்டைத் தொடாமல் படியுங்கள்.