கடைவீதியில் சைக்கிளுக்கு இடம் உண்டா? வாசகர் கேள்வி – பதில்

புறநகர்ச் சிற்றூர்களின் பழைய கடைவீதிகளைச் சீரமைப்பது, அங்கே சைக்கிளுக்கு வழி விடுவது பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே தந்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊர் நடுவில் உள்ள கடைவீதியைச் சீரமைக்கப் போகிறார்கள். வரைபடத்தில் சைக்கிள் தடமும் இருக்கிறது. வேலை தொடங்குமுன் நாங்கள் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

படங்களைக் கேட்காதீர்கள். மர நிழலும் சிரித்த முகமும் எல்லாப் படத்திலும் இருக்கும். கணக்கைக் கேளுங்கள். வீதியில் ஒரு நாளைக்கு எத்தனை வண்டிகள் போகின்றன? அவை உண்மையில் என்ன வேகத்தில் போகின்றன? பார்க்கிங் மணிக்கு மணி எவ்வளவு நிரம்புகிறது? வேகத்துக்குச் சராசரி எண் தந்தால் ஏற்காதீர்கள். நெரிசல் நேரத்து ஆமை நடை சராசரியைக் கீழே இழுத்துவிடும். நூற்றுக்கு 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் போகின்றன என்ற எண்தான் பயன்படும். வார நாள் ஒன்று, வார இறுதி நாள் ஒன்று என இரண்டு நாளாவது எண்ணியிருக்க வேண்டும். சந்திப்புகளில் எத்தனை வண்டிகள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்ற கணக்கும் தனியாக வேண்டும்.

“இங்கே சைக்கிளே ஓடுவதில்லையே, தடம் எதற்கு?” என்று யாராவது கேட்பார்கள். குழாயே போடாத தெருவில் தண்ணீர்ச் செலவை அளந்து பார்ப்பது போன்ற கேள்வி அது.

இன்னொன்று, மண்ணுக்கு அடியில் இருப்பது. தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி ஆகியவற்றில் எதை எந்த ஆண்டு மாற்ற வேண்டியிருக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். மேலே அழகாகத் தளம் போட்டு இரண்டே ஆண்டில் தோண்டினால், மூடிய இடம் நிச்சயம் அமுங்கும். பள்ளத்தை 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்காக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். அவசரத்தில் மொத்தமாகக் கொட்டி மூடிவிடுவார்கள். ஒரு சென்டிமீட்டர் மேடு பள்ளம் காருக்குத் தெரியாது. சைக்கிளின் முன் சக்கரத்துக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி: கட்டடத்துக்குக் கட்டடம் 20 மீட்டர் அகலம். இருபக்கமும் பார்க்கிங் இருக்கிறது. அதை எடுக்காமல் சைக்கிள் தடம் போட முடியாதா?

கூட்டிப் பார்ப்போம். நடைபாதைக்குப் பக்கத்துக்கு 3 மீட்டர் போனால் மிச்சம் 14. இன்று அந்த 14 எப்படிச் செலவாகிறது? இருபக்கப் பார்க்கிங்குக்கு 2.5 வீதம் 5 மீட்டர், இரண்டு வண்டித் தடங்களுக்கு 4.5 வீதம் 9 மீட்டர். 4.5 மீட்டர் என்பது ஊருக்குள் தேவையில்லாத அகலம். நெடுஞ்சாலைத் தடமே 3.6 மீட்டர்தான். அகலமாகக் கிடைத்தால் கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தும். கடைவீதிக்கு 3 மீட்டர் போதும், பெரிய பேருந்து அடிக்கடி வரும் வீதியானால் 3.3.

புதிய பங்கீடு இப்படி இருக்கலாம்: வண்டித் தடம் இரண்டு, தலா 3 மீட்டர், ஒரு பக்கம் மட்டும் பார்க்கிங் 2.2, அந்தப் பக்கம் கார்க் கதவு திறக்க இடைவெளி 0.9; மறுபக்கம் தடுப்புக்கு 0.5, சைக்கிள் தடம் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, தலா 2.2. கூட்டினால் சரியாக 14.

பார்க்கிங்கை இருபக்கமும் வைத்துப் பாருங்கள். வண்டித் தடங்களுக்கு 6, பார்க்கிங்குக்கு 4.4, கதவு இடைவெளிகளுக்கு 1.8. மிஞ்சுவது 1.8 மீட்டர், பக்கத்துக்கு 90 சென்டிமீட்டர். அதில் சைக்கிள் கைப்பிடியே ஏறத்தாழ 60 சென்டிமீட்டரை எடுத்துக்கொள்ளும். ஒருவரை ஒருவர் முந்தவும் முடியாது, குழியை விலக்கவும் முடியாது. 1.5 மீட்டருக்குக் குறைந்த தடத்தைத் தடம் என்று சொல்வதே தவறு. அப்படி நெருக்குவதைவிட, வேகத்தை 30 கிலோமீட்டருக்குள் கொண்டுவந்து சைக்கிளும் காரும் கலந்து போக விடலாம். ஆனால் அது நாளுக்குச் சுமார் 2,000 வண்டிகளுக்குள் போகும் வீதிக்குத்தான் பொருந்தும்.

உங்கள் வீதி நான்கு தட வீதியானால் வேலை எளிது. போக ஒன்று, வர ஒன்று, நடுவில் திரும்புவதற்கு ஒன்று என மூன்றாக்கினால் சைக்கிளுக்கு இடம் தானாகக் கிடைக்கும். நாளுக்கு 20,000 வண்டிகள் வரை இந்த மாற்றத்தைச் செய்து பார்க்கலாம் என்கிறது அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம். விபத்துகள் 19 முதல் 47 சதவீதம் வரை குறைவதாகவும் அது சொல்கிறது.

கேள்வி: செலவு குறைவு என்று வெள்ளைக் கோடு மட்டும் போடுகிறார்கள். போதுமா?

கோடு யாரையும் தடுக்காது. மெதுவான, வண்டி குறைந்த தெருவில் அதுவே போதும். 50 கிலோமீட்டரில் வண்டிகள் ஓடும் வீதியில் போதாது. ஓட்டுநர் சுதாரிக்க ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், உலர்ந்த சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்க ஏறத்தாழ 13 மீட்டர் வேண்டும். 50 கிலோமீட்டரில் 28 மீட்டர். வேகம் இரட்டிப்பாகவில்லை, தூரம் இரட்டிப்பாகிவிட்டது.

வளையும் பிளாஸ்டிக் கம்பங்களை 3 மீட்டருக்கு ஒன்றாக நட்டால் சோதனைக் காலத்துக்கு நல்லது. நிரந்தரமாக நம்ப முடியாது. இடி வாங்கி வாங்கி அடித்தட்டின் போல்ட் பெயர்ந்துவிடும், பெயர்ந்த துளை குழியாகும். அதைவிட உறுதியானது, ஆயத்தமாக வார்த்த கான்கிரீட் ஓரக்கல். இரும்புக் கம்பி இறக்கித் தளத்தோடு பிணைக்க வேண்டும், மழைநீர் ஓட இடையிடையே இடைவெளி விட வேண்டும். சைக்கிள் பக்கம் உள்ள முகம் சரிவாக இருக்கட்டும். பெடல் கீழே வரும்போது தரைக்கும் அதற்கும் நான்கைந்து அங்குலம்தான் இருக்கும். செங்குத்தான உயரக் கல் பெடலைத் தட்டி ஆளைச் சாய்த்துவிடும்.

பூந்தொட்டி வைப்பது பார்க்க அழகு. யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். மக்கள் கடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தொட்டியும் செடியும் சேர்ந்து 60 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் குழந்தைகள் மறைந்துவிடுவார்கள்.

கேள்வி: தடம் நன்றாகத்தான் இருக்கிறது. சந்திப்பு வந்ததும் மறைந்துவிடுகிறது. அங்கே எப்படி இருக்க வேண்டும்?

பெரும்பாலான திட்டங்கள் தோற்கும் இடம் இதுதான். நேராகப் போகும் சைக்கிள்காரரை, அதே திசையில் வந்து ஓரமாகத் திரும்பும் கார் வெட்டுகிறது. ஓட்டுநர் அவரைக் கண்ணாடியில் தேட வேண்டியிருக்கிறது. தேடாமலே கண்ணில் படும்படி இடத்தை அமைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அதற்கு மூலையில் சிறு கான்கிரீட் தீவு ஒன்று கட்டுவார்கள். சைக்கிள் கடக்கும் பாதையை வண்டித் தடத்திலிருந்து ஏறத்தாழ 5 மீட்டர், அதாவது ஒரு கார் நீளம், உள்ளே தள்ளி வைப்பார்கள். திரும்பும் கார் பாதி திரும்பியதும் சைக்கிள்காரர் முன்கண்ணாடிக்கு நேரே வந்துவிடுவார். காரும் பின்னால் வருபவருக்கு வழியடைக்காமல் அந்த 5 மீட்டரில் காத்திருக்கலாம். மூலையின் வளைவு ஆரம் 3 முதல் 4.5 மீட்டர் இருந்தால் திரும்பும் வேகம் தானாகக் குறையும். சிக்னல் இருந்தால் சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் 3 முதல் 7 வினாடி முன்னதாகப் பச்சை கொடுக்கலாம். கடக்கும் இடத்துக்கு முன்னால் 6 மீட்டராவது கார் நிறுத்தவே கூடாது.

கலிபோர்னியாவின் டேவிஸ் நகரம் 1967இலேயே சைக்கிள் தடம் போட்டு அந்த நாட்டுக்கே முன்னோடியானது. அந்த ஊரே இப்படிப்பட்ட சந்திப்பைக் கட்ட 2015 வரை ஆனது. உங்கள் ஊர் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

சிக்னலுக்குப் பதில் ரவுண்டானா என்றால் ஒற்றைத் தட ரவுண்டானாவாக இருக்கட்டும். சுற்றும் தடத்துக்குள் ஓரமாகச் சைக்கிள் கோடு மட்டும் போடவே போடாதீர்கள். வெளியேறும் ஒவ்வொரு காரும் அதை வெட்டிக்கொண்டுதான் போகும். சைக்கிளுக்கு வெளிச்சுற்றில் தனிப்பாதை கொடுங்கள், இடமில்லையென்றால் முன்பே வண்டித் தடத்தில் கலக்க விடுங்கள்.

வளாக வாசல்களும் குட்டிச் சந்திப்புகள்தான். அங்கே சைக்கிள் தடம் அதே மட்டத்தில், அதே நிறத்தில் தொடர வேண்டும். கார்தான் ஏறி இறங்க வேண்டும்.

கேள்வி: வீதியைக் குறுக்கினால் தீயணைப்பு வண்டி எப்படி வரும்?

நியாயமான கேள்வி. சாக்காகச் சொல்பவர்களும் உண்டு. அமெரிக்கத் தீயணைப்பு விதிகள் பொதுவாகக் கேட்பது தடையில்லாத 6 மீட்டர் அகலம். மேலே சொன்ன பங்கீட்டில் இரண்டு வண்டித் தடமும் சேர்ந்து அதே 6 மீட்டர். நடுவில் தடுப்புச் சுவர் கட்டினால்தான் சிக்கல். மூலைகளில் நீண்ட வண்டியின் பின்சக்கரம் மட்டும் ஏறிப் போகும்படி தாழ்வான, சொரசொரப்பான கல் மேடை அமைக்கலாம். கார் ஓட்டுநருக்கு அதில் ஏற மனம் வராது. கான்கிரீட் ஊற்றுமுன் கூம்புகளை வைத்து, உங்கள் ஊரின் மிக நீளமான வண்டியையே ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு காலை வேளையில் முடியும் வேலை.

சரக்கு லாரிக்கு ஒவ்வொரு தொகுதிக் கடைகளுக்கும் அருகே ஏறத்தாழ 12 மீட்டர் நீள இறக்குமிடம் ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டால் லாரி சைக்கிள் தடத்தில்தான் நிற்கும். ஓட்டுநரைத் திட்டிப் பயனில்லை, இடம் வரையாதவரின் தவறு அது.

கேள்வி: பார்க்கிங் குறைந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் பயப்படுகிறார்கள்.

பயத்தை அலட்சியப்படுத்தாதீர்கள், அளந்து பாருங்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2006இல் வெளியான ஓர் ஆய்வில், தங்கள் வாடிக்கையாளர்களில் 41 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் நினைத்தார்கள். வாடிக்கையாளர்களையே கேட்டபோது 22 சதவீதம்தான். உங்கள் வீதியிலும் இரண்டு நாள் கடை வாசலில் நின்று கேட்கலாம்.

பார்க்கிங் ஆய்வில் பெயர் பெற்ற டொனால்ட் ஷூப் சொன்ன அளவுகோல் எளிது: இடங்களில் 85 சதவீதம் நிரம்பியிருந்தால் போதும். வருபவருக்கு எப்போதும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும். முழுக்க நிரம்பிக் கிடந்தால் கட்டணத்தையோ நேர வரம்பையோ மாற்றுங்கள். பல ஊர்களில் முன்வரிசையை நாள் முழுதும் அடைத்துக்கொண்டிருப்பவை கடை ஊழியர்களின் கார்கள்தான். அதைச் சொன்னால் கூட்டத்தில் கொஞ்ச நேரம் அமைதி நிலவும்.

சாலையைவிடப் பெரிய தடை கட்டட விதியில் இருக்கலாம். ஒரு கார் நிறுத்த, வந்து திரும்பும் இடமும் சேர்த்து 25 முதல் 30 சதுர மீட்டர் வேண்டும். 100 சதுர மீட்டர் கடைக்கு நான்கு கார் இடம் கட்டாயம் என்று விதி இருந்தால், கடையளவு நிலமோ அதற்கு மேலோ காருக்கே போகும். பழைய சிறு மனைகளில் அது நடக்காது. அதனால்தான் மூடிய கடை மூடியே கிடக்கிறது. அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017இல் இந்தக் குறைந்தபட்சப் பார்க்கிங் விதியை நகரெங்கும் நீக்கியது. கார் நிறுத்தத்தைக் கட்டடத்தின் பின்னால் தள்ளி, தரைத்தளக் கண்ணாடி முகப்பை நடைபாதையோடு ஒட்ட வைப்பது நடப்பவர்களைக் கடைக்குள் இழுக்கும்.

கேள்வி: சைக்கிள் நிறுத்த எந்த ஸ்டாண்டு நல்லது?

கவிழ்த்த ‘ப’ வடிவ இரும்புக் குழாய். உயரம் 75 முதல் 80 சென்டிமீட்டர், ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு ஒரு மீட்டர், சுவரிலிருந்து குறைந்தது 60 சென்டிமீட்டர். இருபக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு சைக்கிள் நிற்கும், சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டலாம். முன் சக்கரத்தை மட்டும் பிடிக்கும் மலிவு ஸ்டாண்டு சக்கரத்தைக் கோணலாக்கும். ஒரு கார் இடத்தில் ஐந்து ஸ்டாண்டு, பத்து சைக்கிள். கடக்கும் இடத்துக்கு முன் காரைத் தடை செய்த அந்த 6 மீட்டரே இதற்குத் தோதான இடம். சைக்கிள்கள் தாழ்வானவை, பார்வையை அதிகம் மறைக்காது.

கேள்வி: கடைவீதி மெதுவானால் வண்டிகள் எங்கள் குடியிருப்புத் தெருக்களில் புகுந்துவிடுமே?

தனியாக அந்த வீதியை மட்டும் மாற்றினால் புகும். நெதர்லாந்தின் குரோனிங்கன் 1977இல் நகர மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தது. காரில் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு நேரே போக முடியாது, சுற்றுச்சாலைக்கு வந்துதான் போக வேண்டும். சைக்கிள் நேரே போகும். உட்ரெக்ட் அருகே உள்ள புறநகர் ஹௌட்டனை இதே எண்ணத்தில் வளர்த்தார்கள்.

உங்கள் ஊரில் இரண்டு மூன்று தெரு வாய்களில் தடுப்புக் கட்டை நட்டாலே பெரும்பகுதி நடந்துவிடும். கட்டைகளுக்கு இடையே 1.5 மீட்டர் விடுங்கள், சரக்கு சைக்கிளும் சக்கர நாற்காலியும் போகும். ஒளிர் பட்டை ஒட்டாத கட்டை இரவில் சைக்கிள்காரரையே இடிக்கும். அவசர வண்டிக்காக ஒரு கட்டை கழற்றக் கூடியதாக இருக்கட்டும், சாவி தீயணைப்பு நிலையத்தில் இருக்கட்டும்.

கேள்வி: மழைநீர் வடிகால் மூடிகள் பற்றி?

கம்பிகள் போகும் திசைக்கு இணையாக இருந்தால் சக்கரம் உள்ளே இறங்கிவிடும். குறுக்காகத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். தளத்தோடு மட்டமாக இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். கண் ஏமாற்றும். தடுப்புக்குள் இருக்கும் தடத்தைச் சுத்தம் செய்யும் வண்டி நுழையுமா என்று தடம் கட்டுமுன்பே கேளுங்கள். இல்லையென்றால் இலையும் கண்ணாடித் துண்டும் அங்கேயேதான் சேரும்.

கேள்வி: சோதனையாகச் செய்து பார்ப்பதானால் எத்தனை மாதம்?

ஒரு முழு ஆண்டு. குறைந்தது ஆறு மாதம், அதில் மழைக்காலமும் பள்ளி நடக்கும் மாதங்களும் வர வேண்டும். முதல் மூன்று நான்கு வாரக் குழப்பத்தைத் தீர்ப்பாக எடுக்காதீர்கள், அந்த எண்களைத் தனியே வையுங்கள். முன்பு எண்ணிய அதே வாரத்தில், அதே இடத்தில், அதே மணி நேரத்தில் மறுபடி எண்ணுங்கள். வண்டி, சைக்கிள், நடப்பவர், வேகம், பார்க்கிங் நிரம்பல் ஆகிய ஐந்தும் எண்ணப்பட வேண்டும். இடிபட்ட கம்பங்கள் எவை என்று வரைபடத்தில் புள்ளி வையுங்கள். ஒரே மூலையில் புள்ளிகள் குவிந்தால் அங்கே வளைவு தவறு. அதைத் திருத்திவிட்டுத்தான் கான்கிரீட்.