உடைந்த கிளோ பிளக்குக்கு யார் பணம் கொடுப்பது?

கேள்வி: ஒன்பது ஆண்டு ஓடிய டீசல் வேனில் சிங்கப்பூர் தேக்காவிலிருந்து உணவகங்களுக்குக் காய்கறி கொண்டுபோய்க் கொடுக்கிறேன். டீசல் எஞ்சின் கிளம்புவதற்காக உள்ளே சூடேற்றும் கிளோ பிளக் பழுதென்று காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் வேனை விட்டேன். நான்கையும் மாற்ற 480 வெள்ளி என்றார்கள். மறுநாள் அழைத்து, “ஒரு பிளக் உடைந்து உள்ளே நின்றுவிட்டது, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டும்” என்றார்கள். “எப்படியாவது முடித்துக் கொடுங்கள்” என்றேன். இப்போது 3,900 வெள்ளி கட்டினால்தான் வேன் என்கிறார்கள். வேலைச் சீட்டின் அடியில் ‘பழுதுபார்க்கும்போது நேரும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல’ என்று அச்சிட்டிருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: பிழைப்புக்கான வண்டி பூட்டிய கதவுக்குப் பின்னால் நிற்கும் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனாலும் உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது சற்றுக் கசப்பானது. பிளக் உடைந்தது என்பதற்காக மட்டும் பட்டறை தவறு செய்தது என்று ஆகிவிடாது. நம் ஊர் வெயிலில் கிளோ பிளக் பழுதானாலும் எஞ்சின் கிளம்பிவிடும். அதனால் பலர் ஆண்டுக்கணக்கில் அதைத் தொடுவதே இல்லை. கரியும் துருவும் ஏறி அது ஹெட்டோடு இறுகிவிடுகிறது. மிகக் கவனமான மெக்கானிக்கின் கையிலும் அது முறியலாம்.

ஆனால் இறுகியிருக்கும் என்பது டீசல் வேலை தெரிந்த எவருக்கும் தெரிந்த செய்தி. உங்கள் வழக்கு நிற்பது இந்த இடத்தில்தான். நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்வேன் என்ற உறுதி, எழுதாவிட்டாலும் ஒவ்வொரு பழுதுபார்ப்பு ஒப்பந்தத்திலும் அடங்கியிருக்கிறது. ஆகவே கேளுங்கள்: எஞ்சினைச் சூடாக்கினார்களா? துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வைத்தார்களா? திருகும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் பயன்படுத்தினார்களா? கழற்றும்போது தாண்டக் கூடாத விசையைப் பிளக் தயாரிப்பாளர்களே சொல்லியிருக்கிறார்கள். ‘பெரு’ (Beru) என்ற பிளக் தயாரிப்பு நிறுவனத்தின் அட்டவணையில் எம் 10 (10 மில்லிமீட்டர்) மரை கொண்ட பிளக்குக்கு அது 35 நியூட்டன் மீட்டர், எம் 8-க்கு 20 மட்டுமே. அந்த அளவிலும் அசையாவிட்டால் நிறுத்திவிட்டு, உடைந்தால் இவ்வளவு செலவாகும் என்று உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். உங்களைக் கேட்காமல் தொடர்ந்து திருகினார்கள் என்றால், அது பட்டறையின் கவனக்குறைவு என்று வாதாட உங்களுக்கு வலுவான இடம் இருக்கிறது.

இன்னொன்றும் உங்கள் பக்கம் இருக்கிறது. கூலிக்காகப் பொருளை ஏற்றவர், அது தன் கையில் சேதமானால், தான் கவனமாக இருந்ததைத் தானே காட்ட வேண்டும் என்பது பொதுச் சட்டம்.

“எப்படியாவது முடித்துக் கொடுங்கள்” என்ற உங்கள் சொல்தான் எனக்குக் கவலை தருகிறது. அதை அவர்கள் சம்மதம் என்பார்கள். விலை பேசாத வேலைக்கும் நியாயமான கூலி உண்டு. ஆனால் அந்த வேலையே அவர்களுடைய கவனக்குறைவால் வந்தது என்று நிறுவினால், அந்தச் செலவை இழப்பீடாகத் திரும்பக் கேட்கலாம்.

சீட்டின் அடியில் உள்ள வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். நியாயமற்ற ஒப்பந்த விதிமுறைகள் சட்டம் 1977 சிங்கப்பூரிலும் நடைமுறையில் இருக்கிறது. கவனக்குறைவால் சொத்துக்கு நேர்ந்த சேதத்திலிருந்து இப்படி ஒரு வரி பட்டறையைக் காக்க வேண்டுமென்றால், அது நியாயமானது என்று அவர்கள் காட்டியாக வேண்டும். வணிகத்துக்கு வேன் ஓட்டுபவரையும் இந்தச் சட்டம் காக்கும். வேன் முழுக்கத் தொழிலுக்கென்றால் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தை நம்பியிருக்காதீர்கள்.

வேனைப் பிடித்து வைப்பது பற்றி: செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியை வைத்துக்கொள்ளும் உரிமை பழுதுபார்ப்பவருக்கு உண்டு. தகராறு செய்து வண்டியை எடுத்து வர முயலாதீர்கள். அந்த நாள்களுக்கு நிறுத்த வாடகை கேட்டால், முன்பே ஒப்புக்கொள்ளாதவரை கொடுக்க வேண்டியதில்லை. வேன் இல்லாமல் நாள்தோறும் வருமானம் போகிறது என்றால், ‘எதிர்ப்புத் தெரிவித்தே செலுத்துகிறேன், திரும்பக் கோரும் உரிமை எனக்கு உண்டு’ என்று எழுத்தில் அனுப்பிவிட்டுப் பணத்தைக் கட்டி வேனை மீட்டுக்கொள்வதுதான் என் யோசனை. எழுதாமல் கட்டினால் ஒப்புக்கொண்டதாகப் பேசுவார்கள். இடையில் வேறு வேன் வாடகைக்கு எடுத்திருந்தால் அந்த ரசீதுகளையும் வைத்திருங்கள்.

பிறகு சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், இருதரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை. கோரிக்கைக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் இணையம் வழி பதிவு செய்ய வேண்டும். வழக்கறிஞர் உங்களுக்காக வாதாட முடியாது, எதிர்த்தரப்புக்காகவும் முடியாது. நீங்களே பேசலாம் என்பதால் கையில் இருக்கும் சான்றுதான் எல்லாம்.

அதனால் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உடைந்த துண்டுகளையும் கழற்றிய மற்ற மூன்று பிளக்குகளையும் என்னிடம் தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வேலைச் சீட்டையும் புகைப்படங்களையும் கேளுங்கள். வேன் கைக்கு வந்ததும், தொடர்பில்லாத ஒரு வாகன மதிப்பீட்டாளரிடம் துண்டுகளைக் காட்டி அறிக்கை வாங்குங்கள். மரையில் துரு எவ்வளவு, உடைந்த இடம் எது, ரெஞ்சின் தடம் எப்படி என்பதை அவர் பார்த்து எழுதுவார். அந்தத் துண்டு பழைய இரும்புத் தொட்டிக்குள் போவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.