ஈரோட்டில் இருந்துகொண்டே சினிமா எடிட்டிங், விஎஃப்எக்ஸ் தரத்துக்கு வர இணையத்தில் எங்கே போகலாம்?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். ஈரோட்டில் மூன்று வருடமாகக் கல்யாண வீடியோ எடிட் செய்கிறீர்கள். ஒரு வருடமாகத் தினமும் யூடியூபில் பாடம் பார்த்தும் சினிமா வேலை கைக்கு வரவில்லை. சென்னை போய்ப் பணம் கட்டிப் படிக்க வீட்டில் வசதியில்லை, இணையத்தில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் குமாரபாளையத்துக்காரன். ஆறு வருடம் முன்னால் நானும் இதே இடத்தில்தான் நின்றேன். இப்போது வீட்டு மாடியில் உட்கார்ந்து ரோட்டோவும் (காட்சியில் ஒரு உருவத்தின் ஓரத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக வரைந்து பிரிப்பது) கம்போசிட்டிங்கும் (தனித்தனிப் படங்களை ஒரே காட்சியாகச் சேர்ப்பது) செய்து கொடுக்கிறேன்.

முதலில் பாடம் பார்ப்பதைப் பாதியாகக் குறையுங்கள். அந்த நேரத்தில் ரா ஃபுட்டேஜ், அதாவது எடிட் செய்யாத மூலக் காட்சிகளை இறக்கி வேலை செய்யுங்கள்.

சென்னையில் ஒரு உதவி எடிட்டருக்குக் கிடைத்து நமக்குக் கிடைக்காதது ரஷ்தான், படப்பிடிப்பில் எடுத்த எல்லா டேக்கும் அப்படியே. ஒரே வசனத்துக்கு ஏழு டேக், அதில் மூன்றாவதில் முகம் நன்றாக இருக்கும், ஐந்தாவதில் குரல் நன்றாக இருக்கும். இதை வைத்துத் தினமும் முட்டி மோதினால்தான் கை பழகும். கல்யாணத்தில் முகூர்த்தம் ஒரு டேக்தானே. கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜாவும், சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸும் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் நம் பக்கத்துப் பையன் ரஷ் பார்க்க மாம்பலம் வரை ரயில் ஏற வேண்டியதில்லை. அந்த ஸ்டூடியோக்களை நினைத்தால் எனக்கு இன்னமும் ஏக்கமாக இருக்கும். சரி, இன்று அந்த இடத்தை ஓரளவு நிரப்பும் தளங்கள் இருக்கின்றன.

எடிட்டிங்குக்கு எடிட்ஸ்டாக் என்ற தளத்தைப் பாருங்கள். எடிட் செய்யாத குறும்படக் காட்சிகளை டேக், ஒலி எல்லாமாகச் சேர்த்துப் பயிற்சிக்கென்றே விற்கிறார்கள். நான் ஒரே ஒரு காட்சி வாங்கினேன். இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து பேசும் காட்சி, நான்கு மாதத்தில் ஆறு விதமாக வெட்டியிருப்பேன். மூன்றாவது தடவைதான், பேசுகிறவர் முகத்தை விட்டுவிட்டுக் கேட்கிறவர் முகத்தில் நிற்கலாம் என்ற தைரியமே வந்தது. செலவழிக்க முடியாவிட்டால் நெட்ஃபிளிக்ஸின் ஓப்பன் கன்டென்ட் பக்கத்துக்குப் போங்கள். அவர்களே சோதனைக்காக எடுத்த படங்களை உயர்ந்த தரத்தில், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வைத்திருக்கிறார்கள். கலர் பழக அது நல்ல பொருள்.

விஎஃப்எக்ஸுக்கு என் வாழ்க்கையைத் திருப்பியது பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளை உருவாக்கும் அமைப்பு 2012-ல் வெளியிட்ட ‘டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்’ குறும்படம். முடிந்த படத்தோடு கேமராவில் எடுத்த மூலக் காட்சிகளையும் இஎக்ஸ்ஆர் என்ற உயர்தரப் படக் கோப்பு வடிவில் ஃப்ரேம் ஃப்ரேமாக எல்லோருக்கும் திறந்து விட்டார்கள். பெயரைக் குறிப்பிட்டு உங்கள் ரீலிலும் பயன்படுத்தலாம். மொத்தத்தையும் இறக்கப் பார்க்காதீர்கள், டிஸ்க் நிரம்பிவிடும். நூறு ஃப்ரேமுக்குள் ஒரு ஷாட் போதும்.

நான் எடுத்தது நான்கு நொடி, 96 ஃப்ரேம். ஒருவர் கையை உயர்த்துவார், அந்தக் கையை மட்டும் ரோட்டோ செய்ய வேண்டும். ஒவ்வொரு ஃப்ரேமாகப் போய்ப் புள்ளிகளை நகர்த்தினேன். நிறுத்திப் பார்த்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் கச்சிதம். ராத்திரி தறியை நிறுத்திவிட்டு அப்பா மேலே வந்தார். “இந்நேரம் வரைக்கும் ஒரே கையவே பாத்துட்டு இருக்கற, என்ன கண்ணு?” என்றார். ஓட்டிக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “ஓரம் நடுங்குதே” என்றார். முப்பது வருடம் துணியில் கரை பார்த்த கண். எனக்குப் படாதது அவருக்குப் பட்டது.

அதற்கு மருந்து போரிஸ் எஃப்எக்ஸ் நிறுவனம் தன் ரோட்டோ மென்பொருளான மோகாவுக்குப் போட்ட பாடங்களில் இருந்தது, அவை இலவசம். கையை ஒரே கோடாக வரையக் கூடாது. மேல்கை, முன்கை, உள்ளங்கை, விரல்கள் என்று தனித்தனி வடிவமாகப் போட வேண்டும். முதல் ஃப்ரேமும் கடைசி ஃப்ரேமும் முதலில், அடுத்து அசைவு திசை மாறும் இடங்கள், அதன் பிறகு இடைவெளியின் நடுவில். புள்ளியைத் தொடுவதற்கு முன் வடிவத்தை முழுதாக நகர்த்தியும் சுழற்றியும் பொருத்த வேண்டும். 96 கீஃப்ரேம் (வடிவத்தை நாமே கையால் பொருத்தும் ஃப்ரேம்) இருந்த இடத்தில் பத்துப் பதினைந்தில் முடிந்தது. நடுக்கமும் நின்றது. பாடம் பத்து நிமிடம்தான், ஆனால் அந்தக் கையோடு நான்கு நாள் கிடந்ததால்தான் அது மண்டையில் ஏறியது. பாடத்தை முதலில் பார்த்திருந்தால் இன்னொரு வீடியோவாகக் கடந்து போயிருக்கும்.

மென்பொருளுக்கு கிராக் வேண்டவே வேண்டாம். வைரஸ் பயம் ஒரு பக்கம், அடுத்தவர் உழைப்பு இன்னொரு பக்கம். பிளாக்மேஜிக் நிறுவனத்தின் டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பில் எடிட்டிங், கலர், சவுண்ட், விஎஃப்எக்ஸுக்கான ஃப்யூஷன் எல்லாம் உண்டு, யுஹெச்டி (4கே) அளவு வரை எக்ஸ்போர்ட் ஆகும். பிளாக்மேஜிக் தளத்தின் பயிற்சிப் பக்கத்தில் முழுப் புத்தகங்கள் பிடிஎஃப்பாக இருக்கின்றன. அவற்றோடு வரும் பயிற்சிக் கோப்புகளையும் இறக்கிக்கொள்ளுங்கள், நிறையப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள். ஆங்கிலம் எளிமையானதுதான், ஒரு நாளைக்கு ஐந்து பக்கம் என்று போனால் போதும். சினிமா கம்போசிட்டிங் மென்பொருளான நியூக்குக்கு வணிகம் சாராத இலவசப் பதிப்பு இருக்கிறது. ஹெச்டி அளவுக்கு மேல் ரெண்டர் ஆகாது, அதில் காசு வேலையும் செய்யக் கூடாது, பழக மட்டும். 3டி காட்சிக்கு வெளிச்சம் தரும் ஹெச்டிஆர்ஐ படங்களும், பொருளின் மேற்பரப்புக்கான டெக்ஸ்சரும் பாலிஹேவன் தளத்தில் எந்த நிபந்தனையும் இல்லாமல் கிடைக்கும். ஒலிக்கு ஃப்ரீசவுண்ட் தளம். அங்கே ஒவ்வொரு கோப்புக்கும் உரிமம் வேறு, படித்துவிட்டு எடுங்கள்.

கல்யாண வேலையிலிருந்து வருவதால் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு தடவை கவுந்தப்பாடியில் ஒரு வரவேற்பு. பெண்ணின் மாமா செல்போனில் எடுத்த பத்து நிமிடப் பேச்சைச் சேர்க்கச் சொன்னார்கள். தொடக்கத்தில் உதடும் குரலும் சரியாக இருந்தன, போகப்போக விலகி, முடிவில் பாட்டி அழுது முடித்த பிறகு அழுகைச் சத்தம் வந்தது. அப்படியே கொடுத்துவிட்டேன். அந்தப் பாட்டி அடுத்த மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டாரிடம் இருக்கும் அவருடைய கடைசி வீடியோ அதுதான். பிற்பாடு திருத்திக் கொடுத்தேன் என்றாலும் மனசு ஆறவில்லை. காரணம் இதுதான்: செல்போன் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி ஃப்ரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே எடுக்கும், நம் டைம்லைன் நொடிக்கு 25 ஃப்ரேமிலேயே நிற்கும். மீடியாஇன்ஃபோ என்ற சின்ன மென்பொருளில் கோப்பைத் திறந்தால் ஃப்ரேம் வேகம் நிலையானதா மாறுவதா என்று காட்டிவிடும். மாறுவதாக இருந்தால் ஹேண்ட்பிரேக்கிலோ ஷட்டர் என்கோடரிலோ நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டுத்தான் டைம்லைனில் போட வேண்டும். மூன்றுமே இலவசம்.

அப்புறம், யாரிடம் காட்டுவது? ரெட்டிட்டில் எடிட்டர்களுக்கும் விஎஃப்எக்ஸ்காரர்களுக்கும் தனித்தனிக் குழுக்கள் இருக்கின்றன. ரிசால்வ் சிக்கல் என்றால் பிளாக்மேஜிக்கின் சொந்த மன்றம். கேட்கும்போது மென்பொருள் பதிப்பு, கேமரா, கோடெக் (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை), ஃப்ரேம் வேகம், எந்த ஃப்ரேமில் கோளாறு என்பதை எழுதி ஒரு ஸ்க்ரீன்ஷாட் வையுங்கள். “ஒர்க் ஆகலை” என்று மட்டும் எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ராத்திரி நாம் தூங்கும்போது அமெரிக்காவில் பகல், விடிந்தால் பதில் இருக்கும். சில பதில்கள் முகத்தில் அடித்த மாதிரி வரும், ஆனாலும் படியுங்கள். ஊரில் நண்பர்கள் எல்லோரும் “சூப்பர்ங்க” என்று சொல்லியே என் இரண்டு வருடத்தை வீணாக்கினார்கள்.

உங்களிடம் 8 ஜிபி ராம்தான் என்று எழுதியிருந்தீர்கள். எடிட்டிங்குக்கு ப்ராக்ஸி, அதாவது கனம் குறைந்த நகல் கோப்பு போட்டுச் சமாளிக்கலாம். ஃப்யூஷன் திறந்தால் திணறும், 16 ஆக்கிக்கொள்ளுங்கள். புது கிராஃபிக்ஸ் கார்டுக்கு இப்போது அவசரமில்லை. ஷாட்டை இறக்கிய பிறகு எங்கே நின்றுவிட்டீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன்.