பத்து மணிக்குத் தேர்வு, பத்து அஞ்சுக்கு சர்வர் காலி

கேள்வி: குரூப் 4 தேர்வுக்கு இணையவழிப் பயிற்சி தருகிறோம், 150 பேர் படிக்கிறார்கள். பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்கில், மூடில் என்ற இணையவழிப் பாட மென்பொருளைப் போட்டிருக்கிறோம். வாரநாளில் பாடம் படிக்கச் சிக்கலில்லை. ஞாயிறு காலை 10 மணிக்கு மாதிரித் தேர்வு தொடங்கினால் ஐந்தே நிமிடத்தில் தளம் படுத்துவிடுகிறது. தெரிந்த புரோகிராமர் ஒருவர் எல்லாவற்றையும் புதிதாக எழுதித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அவர் எழுதுவதும் அதே சர்வரில்தான் ஓடும். அதே பத்து மணிக்குத்தான் 150 பேரும் வந்து நிற்பார்கள். மூடிலின் முதல் பதிப்பு 2002-இல் வந்தது. அதை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமாஸ், மேற்கு ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் ரேடியோ வழியாகப் பள்ளிப்பாடம் படித்து வளர்ந்தவர். இருபது வருடத்துக்கு மேல் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்த நிரல் அது. உங்கள் நண்பர் மூன்று மாதத்தில் அந்த இடத்துக்கு வரமாட்டார்.

மெஸ்ஸில் ஆட்கள் ஒவ்வொருவராக வருவார்கள், இரண்டு பேர் பரிமாறினால் போதும். கல்யாணத்தில் முதல் பந்திக்கு அது நடக்குமா? உங்கள் வாரநாள் மெஸ், ஞாயிறு பந்தி. ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பிஹெச்பி (மூடில் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழி) வேலைகளுக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருப்பார்கள். அது நிரம்பியதும் மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். 200 கேள்வி, பக்கத்துக்கு ஒன்று என்று வைத்திருந்தால் 150 பேருக்கு 30,000 பக்கங்கள். ஒவ்வொன்றும் டேட்டாபேஸைத் தொட்டுத்தான் உருவாகிறது. பக்கத்துக்கு 20 கேள்வி வைத்தால் அதுவே 1,500. விடை தொலைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஆட்டோசேவ் நிமிடத்துக்கு ஒருமுறை சேமித்துக்கொள்ளும். ஆனால் ஒருவர் தேர்வை ஆரம்பித்துவிட்டால் பக்க அமைப்பை மாற்ற முடியாது, சனிக்கிழமையே செய்துவிடுங்கள். கேள்விக்குக் கேள்வி உடனே சரி, தவறு காட்டும் முறையையும் விட்டுவிட்டு, கடைசியில் மொத்தமாக மதிப்பெண் காட்டுங்கள்.

அடுத்தது லாகின். கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது வேண்டுமென்றே கனமாக வைக்கப்பட்ட வேலை. திருடன் ஆயிரக்கணக்கில் முயன்று பார்க்காமல் இருக்கத்தான் அப்படி. ஒன்பதரைக்கே உள்ளே வந்து உட்காரச் சொல்லுங்கள். மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, குழுவுக்குக் குழு தேர்வு நேரத்தை மாற்றிவைக்கும் குரூப் ஓவர்ரைடு மூலம் 10, 10.10, 10.20 என்று திறக்கலாம். முடியும் நேரத்தையும் அதேபோல் தள்ளிவைக்க மறந்தால் கடைசிக் குழு உங்களைச் சும்மா விடாது!

வீடியோக்கள் மூடிலுக்குள் இருந்தால் வெளியே எடுத்து யூடியூபில் அன்லிஸ்டடாக (இணைப்பு வைத்திருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி) போடுங்கள். தானியங்கி பேக்கப் ஞாயிறு காலையில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். எத்தனையோ இடத்தில் குற்றவாளி அதுதான்.

இவ்வளவும் செலவில்லாத வேலை. பிறகும் திணறினால், புரோகிராமருக்குக் கொடுக்க வைத்த பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து 4 ஜிபி நினைவகமுள்ள விபிஎஸ்ஸுக்கு (உங்களுக்கென்று தனியாக ஒதுக்கிய சர்வர் பகுதி) மாறுங்கள். அங்கே பிஹெச்பி நிரலைத் தயார்நிலையில் நினைவில் வைத்திருக்கும் ஓபிகேஷ் இயங்க வேண்டும், மூடிலின் பின்னணி வேலைகளைச் செய்யும் கிரான் நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும். அதிலும் நின்றால் அந்த ஐந்து நிமிடத்துக்கான எரர் லாகை (சர்வரின் பிழைப் பதிவு) எடுத்து அனுப்புங்கள். நினைவகம் தீர்ந்ததா, டேட்டாபேஸ் இணைப்பு தீர்ந்ததா என்று பார்த்துச் சொல்கிறேன்.