சுகர் உள்ளவர்களின் இறப்பு குறைந்து வருகிறதா? ஆஸ்பத்திரித் தாளில் ஏன் சுகர் என்று இருப்பதில்லை?

கேள்வி: "உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் சித்தப்பா 54 வயதில் தவறிவிட்டார். 12 வருடமாகச் சுகர். ஆஸ்பத்திரித் தாளில் மாரடைப்பு என்று மட்டும் இருக்கிறது, சுகரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுகர் இருந்தால் ஆயுள் குறைவு என்பது உண்மையா? புது மருந்துகள் வந்ததால் இறப்பு குறைந்துவிட்டது என்கிறார்களே?"

முதலில் அந்தத் தாள். ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்தால் டாக்டர் நிரப்புவது படிவம் 4. அதன் முதல் பகுதியில், கடைசியாக உயிரைக் கொண்டுபோனது எதுவோ அது மேல் வரியில். அது எதனால் வந்தது என்பது அடுத்த வரியில், அதற்கும் மூலகாரணம் அதன் கீழே. இரண்டாம் பகுதி, கூடவே இருந்த மற்ற நோய்களுக்கு. கணக்கில் பொதுவாக ஏறுவது முதல் பகுதியின் கடைசி வரி. மேல் வரியில் மாரடைப்பு என்று எழுதி அதோடு விட்டுவிட்டாலும், சுகரை இரண்டாம் பகுதியில் எழுதினாலும், அந்த இறப்பு இதயநோய்க் கணக்கில்தான் சேரும். அதற்கும் மேல், 2020இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் 22.5 சதவீதத்துக்குத்தான் மருத்துவர் சான்றளித்த காரணமே இருந்தது. வீட்டில் இறந்து, விஏஓ பதிவேட்டில் ஏறுகிற இறப்பு பெரும்பாலும் இதற்கு வெளியே. அதனால் "சுகரால் இத்தனை பேர் இறந்தார்கள்" என்ற எண்ணை அப்படியே நம்பக் கூடாது. சுகர் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் பல வருடம் பின்தொடர்ந்து எண்ணிய ஆய்வுகளைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படி 97 ஆய்வுகளில் இருந்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தைச் சேர்த்து 2011இல் வெளியிட்டார்கள். 50 வயதில் சுகர் உள்ளவர், இல்லாதவரைவிடச் சராசரியாக 6 வருடம் முன்னால் இறக்கிறார். இறப்பு வாய்ப்பு மொத்தத்தில் 1.8 மடங்கு. இதய, ரத்தக்குழாய் நோய்களை மட்டும் எடுத்தால் 2.3 மடங்கு. சென்னையில் 2006இல் வெளிவந்த ஆய்வில் வித்தியாசம் இன்னும் அதிகம், மூன்று மடங்குக்கு மேல். எந்த வயதில் சுகர் வருகிறது என்பதும் முக்கியம். 75 வயதுக்காரருக்கு அது சேர்க்கும் ஆபத்து கொஞ்சம்தான், 40இல் வந்தவருக்கு மிக அதிகம். நம் பக்கம் முப்பதுகளிலேயே வந்துவிடுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

குறைகிறதா என்றால், சில நாடுகளில் நன்றாகவே குறைந்திருக்கிறது. அமெரிக்காவில் 1988 முதல் 2015 வரை சுகர் உள்ளவர்களின் மொத்த இறப்பு ஒவ்வொரு பத்தாண்டிலும் சுமார் 20 சதவீதமும், இதய, ரத்தக்குழாய் இறப்பு 32 சதவீதமும் இறங்கியது. இங்கிலாந்தில் இதயநோய் இறப்பு அவ்வளவு குறைந்து, சுகர் உள்ளவர்களின் இறப்புக் காரணங்களில் புற்றுநோய் முன்னால் வந்துவிட்டது. இதில் ஒரு பங்கு வெறும் கணக்கு மாற்றம்தான். 1997இல், சுகர் என்று முடிவு செய்யும் வெறும் வயிற்று அளவின் எல்லையை 140இலிருந்து 126க்கு இறக்கினார்கள். லேசான சுகர்காரர்கள் நிறையப் பேர் உள்ளே வந்ததால் சராசரி தானாகவே நன்றாகத் தெரியும். அதைக் கழித்தாலும் குறைவு உண்மைதான். ஆனால் அது உலகம் முழுக்க நடக்கவில்லை. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2000 முதல் 2019 வரை, இந்தியா இருக்கிற கீழ்நடுத்தர வருமான நாடுகளில் சுகர் இறப்பு வீதம் 13 சதவீதம் கூடியிருக்கிறது.

குறைந்த இடத்தில் எதனால் குறைந்தது? இதற்கான பதில்தான் நம் வீடுகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. ஸ்வீடன் பதிவேட்டை வைத்து 2018இல் ஐந்து விஷயங்களைப் பார்த்தார்கள்: ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், புகைப்பழக்கம். ஐந்தும் எல்லைக்குள் இருந்தவர்களுக்கு இறப்பு வாய்ப்பு, சுகர் இல்லாதவர்களைவிட 6 சதவீதம் மட்டுமே கூடுதல். இறப்பை அதிகம் முன்கூட்டிச் சொன்னது புகைப்பழக்கம். சுகர் எண்ணை மட்டும் விரட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் ஹெச்பிஏ1சியை 6க்குக் கீழே கொண்டுவர மருந்தை ஏற்றிய குழுவில் இறப்பு 22 சதவீதம் கூடியது, 2008இல் அந்தச் சிகிச்சையையே பாதியில் நிறுத்தினார்கள்.

ஆகவே உங்கள் வீட்டில் சுகர் உள்ளவருக்கு இவற்றைக் கேட்டு எடுங்கள். ஹெச்பிஏ1சி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பெரும்பாலோருக்கு 7க்குள், தள்ளாத வயதில் 8 வரை போதும். ரத்தசோகை இருந்தால் இந்த எண்ணை நம்ப முடியாது: இரும்புச்சத்துக் குறைவில் கூடுதலாகவும், ரத்தம் ஏற்றிய பிறகு குறைவாகவும் காட்டும். அழுத்தம் 130/80க்குள். எல்டிஎல் 100க்குள், இதயநோய் வந்தவருக்கு அதைவிட நன்றாகக் கீழே. 40 வயது தாண்டியவருக்குக் கொழுப்பு நார்மலாக இருந்தாலும் டாக்டர் ஸ்டாடின் என்கிற கொழுப்பு மாத்திரையை எழுதுவார். "ரிப்போர்ட் நார்மல்" என்று அதை நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அந்த மாத்திரை சாப்பிடுவதால்தான் ரிப்போர்ட் நார்மல்.

சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று காட்டும் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் வருடம் ஒருமுறை, 30க்குள். கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் நார்மல் என்றால் கிட்னி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அது ஏறுவதற்குப் பல வருடம் முன்பே புரதம் கசியத் தொடங்கும். கசிந்தால் அதற்கேற்ற பிபி மாத்திரையும், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சுகர் மாத்திரையும் உண்டு. 2015 ஆய்வில் ஏற்கெனவே இதயநோய் இருந்தவர்களின் இதய இறப்பை எம்பாகிளிஃப்ளோசின் 38 சதவீதம் குறைத்தது. 2025இல் காப்புரிமை முடிந்து விலையும் நன்றாக இறங்கிவிட்டது. வாந்தி, வயிற்றுப்போக்கு, முழு விரத நாளில் மட்டும் டாக்டரிடம் கேட்டு இதை நிறுத்தி வைக்க வேண்டும். இன்சுலினை அப்படித் தானாக நிறுத்தக் கூடாது. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வாசலுக்கே வருவது 2021இலிருந்து பெரிய உதவி. ஆனால் மாத்திரை வந்துவிடுகிறதே என்று பரிசோதனைக்குப் போகாமலே வருடங்கள் ஓடிவிடக் கூடாது.

பாதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை, சித்திரை வெயிலில் அழகரைப் பார்க்க வெறுங்கால், இரண்டும் நம் ஊரில் உண்டு. உணர்வு போன பாதத்துக்குச் சூடும் தெரியாது, கொப்புளமும் தெரியாது. இரண்டு நாள் கழித்து நீர் வடியும்போதுதான் பார்ப்பார்கள். முன்பே, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைச் சோதித்துக்கொள்ளலாம். ஐந்து நிமிட வேலை. உணர்வு இல்லை என்றால் வேண்டுதலைச் செருப்போடு நிறைவேற்றுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. கணுக்காலுக்கு மேல் கால் எடுத்தவர்களில் பாதிக்கு மேல் ஐந்து வருடம் தாண்டுவதில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன.

காசநோயையும் மறக்காதீர்கள். சுகர் இருந்தால் அது வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை கட்டாயம்.

உங்கள் அப்பாவும் மற்ற சித்தப்பாக்களும் ஒரே ரத்தம் என்பதால் கடைசியாக இது. பல வருடச் சுகரில் நரம்பு மரத்துப்போவதால் மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வரலாம். திடீர் வியர்வை, மூச்சிரைப்பு, காரணமில்லாத களைப்பு, தாடையிலோ மேல்வயிற்றிலோ ஒரு பிடிப்பு. நம் ஆட்கள் வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பார்கள். முதலில் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். 70க்கு மேல் இருந்தால், அல்லது மீட்டர் கையில் இல்லை என்றால், உடனே 108ஐக் கூப்பிட்டு ஈசிஜி எடுக்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் அறிகுறி நீடித்தால் வீட்டுக்குக் கூட்டிவராமல், இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள்.